முதலில் வைக்கக் கூடாது

என் அண்ணி திட்டு வாங்கிச் சம்பளம் வாங்குகிறவர். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு. குழாயில் தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீர் பழுப்பாக இருப்பவர்கள், தண்ணீர் நன்றாக வந்தும் பக்கத்து வீட்டுக்கு இன்னும் நன்றாக வருவதாகச் சந்தேகப்படுபவர்கள், எல்லோருக்கும் ஒரே எண்தான். அந்த எண்ணை அழுத்தினால் முதலில் மணியடிக்கும், பிறகு கொஞ்ச நேரம் இசை வரும், அதன் பிறகு அண்ணி வருவார்.

அவர் உட்காரும் அறை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பழுது பார்ப்பவன் நான்தான். மூன்றாவது மாடியில் ஜன்னல் இல்லாத நீள அறை. மேசைகளுக்கு நடுவே துணி ஒட்டிய தடுப்புப் பலகைகள். ஆளுக்கொரு ஹெட்போன், ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். குடிநீர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டு வருகிறார்களே என்று நான் ஒருமுறை சிரித்தேன். அங்கே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அறைக் கோடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் மேற்பார்வையாளர். அவரை எல்லோரும் 'கண்ணாடி' என்றுதான் சொல்வார்கள், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில்.

சுவரில் ஒரு விதியைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். 'அழைத்தவர் வைக்கும் வரை நாம் வைக்கக் கூடாது.' எதிர்முனையில் இருப்பவர் கத்தினால் கத்தி முடிக்கும் வரை கேட்க வேண்டும். குழாயை விட்டுவிட்டு உங்கள் அறிவுக்குத் தாவினாலும், அறிவை விட்டுவிட்டு உங்கள் வளர்ப்புக்குத் தாவினாலும் கேட்க வேண்டும். நடுநடுவே "புரியுதுங்க" என்று சொல்லலாம். "சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்று சொல்லலாம். கடைசியில் ஒரு புகார் எண்ணைக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு அந்தப் புகார் கிணற்றில் போட்ட கல்லாகிவிடும். அது வேறு பிரிவு.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் வேலை போய்விடும். அண்ணி அங்கே பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் பஸ் நிலையத்தில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்தார். தாமதமாக வரும் பஸ்ஸைக்கூட ஏதோ நல்ல செய்தி போலச் சொல்வார் என்று பெயர். அந்தக் குரலுக்காகவே கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட குரல் வாய்த்தவரைக் கட்டிக்கொண்ட என் அண்ணன் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர். அந்த இயந்திரம் போடும் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. அண்ணி சொல்வதில் பாதிதான் அவருக்குக் கேட்கும். அந்தப் பாதியிலேயே அவர் சந்தோஷமாக இருக்கிறார்.

திட்டு விழும்போது அண்ணி வெறுமனே இருக்க மாட்டார். கையில் கிடைக்கிற தாளில் குழாய் படம் வரைவார். ஒழுகும் குழாய், காய்ந்த குழாய், கழுத்து நீண்ட குழாய். நல்ல கோபக்காரர் ஒருவர் மாட்டினால் ஒரு தாள் நிரம்பிவிடும். அதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு வருவார். அவர் மகள் உட்கார்ந்து வண்ணம் தீட்டுவாள்.

மகளை நாங்கள் வாண்டு என்று கூப்பிடுவோம். பேருக்குத்தான் வாண்டு. வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை. யாரையும் பாதியில் மறித்துப் பேச மாட்டாள். பேசுவதும் பெரியவர்கள் மாதிரி இருக்கும். தண்ணீர் கேட்டால் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "வேற ஏதாவது உதவி வேணுமா சித்தப்பா?" என்பாள். வீட்டில் எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. வகுப்பில் ஒரு சிநேகிதிகூட இல்லை என்பதுதான் அண்ணிக்குக் கவலை.

ஒருநாள் பள்ளியில், அவரவர் அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுந்து சொல்லச் சொன்னார்களாம். வாண்டு முன்னால் போய் நின்று, "எங்க அம்மாவ யாரு எவ்வளவு திட்டினாலும் அவங்க போனை முதல்ல வைக்கவே மாட்டாங்க" என்று சொன்னாள். டீச்சர் கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். அன்று சாயங்காலம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், அப்படியொரு பூரிப்பு.

அந்த வாரமே அவளுக்கு மூன்று சிநேகிதிகள் கிடைத்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் தினமும் தன்னைத் தேடி வந்து விளையாடுகிறார்கள் என்றாள். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளிலிருந்து அந்த மூன்று பேருக்கும் சேர்த்து பிஸ்கட் கட்டிக் கொடுத்தார். டப்பா தினமும் காலியாகத் திரும்பி வந்தது. பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

பிறகு வாண்டுக்குக் காலையில் வயிறு வலிக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது. டாக்டர் பூச்சி மாத்திரை எழுதி, வீட்டில் எல்லோரும் போட்டுக்கொள்வது நல்லது என்றார். வாண்டோடு சேர்ந்து நாங்கள் மூன்று பெரியவர்களும் விழுங்கினோம். எங்கள் வீட்டில் பூச்சிக்கு இனி வேலையில்லை. வலி அப்படியே இருந்தது.

விஷயம் வெளியே வந்தது சாப்பாட்டு மேசையில். அண்ணி சும்மா கேட்ட கேள்வியில்.

"உன் சிநேகிதிங்ககூட என்ன விளையாட்டுடா விளையாடுவே?"

"உன் ஆபீஸ் விளையாட்டும்மா."

அண்ணி சிரித்தார். "என் ஆபீஸா? அதுல விளையாட என்னடா இருக்கு?"

"போன் பண்ணுவாங்க. காதுல கை வெச்சுக்கிட்டு. நான் எடுப்பேன்."

"அப்போ நீதான் நானா?"

"ஆமா."

"அவங்க எப்போ நானா இருப்பாங்க?"

வாண்டு தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மாத்தறதில்லம்மா. எப்பவும் நான்தான் நீ."

அண்ணி மெல்லுவதை நிறுத்தினார். நானும் அண்ணனும் அப்போதும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தோம். எங்களுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. அண்ணிக்கு அது தொழில். முதல் வாக்கியத்திலேயே எந்த வீட்டில் எந்தக் குழாய் என்று கண்டுபிடித்துவிடுவார்.

"என்ன புகார் சொல்லுவாங்க?" என்று கேட்டார். அது அலுவலகக் குரல். ஏற்ற இறக்கமே இல்லை.

வாண்டு வரிசையாகச் சொன்னாள். அவள் பை நாறுகிறது என்று ஒரு புகார். அவள் நடப்பது வாத்து மாதிரி இருக்கிறது என்று ஒரு புகார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் மார்க் குறைகிறது. அவள் மூஞ்சியைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை, திரும்பி உட்காரச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவள் "புரியுதுங்க, சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்று சொல்லிப் புகார் எண் கொடுக்க வேண்டுமாம். எண் மறந்துபோனால் மறுபடி முதலிலிருந்து.

"நீ அங்கேருந்து போக வேண்டியதுதானே?" என்றேன் நான்.

அவள் என்னை ஒரு விவரம் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அவங்க இன்னும் வைக்கலையே சித்தப்பா."

அண்ணி எழுந்து போய்க் கை கழுவினார். குழாயை மூட மறந்துவிட்டார். வேறு யார் வீட்டிலும் அது நடக்கலாம், எங்கள் வீட்டில் நடக்காது. நான் எழுந்து போய் மூடினேன்.

அதன் பிறகு ஆளாளுக்கு யோசனை. மூன்று பேரில் ஒருத்தியின் முடியைப் பிடித்து இழுத்தால் மற்ற இரண்டு பேரும் ஓடிவிடுவார்கள் என்பது என் யோசனை. விஷயத்தை அண்ணனுக்கு இரண்டு முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டு முடித்துவிட்டு, "சின்னப் பசங்க, சலிச்சுப்போய் விட்டுடுவாங்க" என்றார். அண்ணி எங்கள் இருவரையும் ஒரே பார்வையில் ஓரம் கட்டிவிட்டு, மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுப் பள்ளிக்குப் போனார்.

அங்கே வகுப்பு டீச்சர் சொன்னாராம்: "அப்படி எதுவும் இதுவரைக்கும் புகார் வரலையேம்மா."

இதைச் சொல்லும்போது அண்ணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ தெருக்காரர்களிடம் அவர் சொன்ன வாக்கியம் அது. அதற்கடுத்து என்ன வரும் என்றும் அவருக்குத் தெரியும். கவனிக்கிறோம் என்பார்கள், பதிவு செய்துகொள்கிறோம் என்பார்கள். ஆகவே தன்னிடம் போன் செய்கிறவர்களிலேயே மோசமானவர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். உங்கள் பேர் என்ன, யார் கவனிப்பீர்கள், இன்றைக்கா நாளைக்கா என்று கேட்டார். தலைமை ஆசிரியை மீட்டிங்கில் இருக்கிறார் என்றதற்கு, "பரவாயில்ல, நான் லைன்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மீட்டிங் சீக்கிரம் முடிந்தது.

பலன் இல்லாமல் போகவில்லை. அந்த மூன்று பெண்களையும் கூப்பிட்டுப் பேசினார்கள். மைதானத்தில் போன் விளையாட்டு கூடாது என்று உத்தரவு போட்டார்கள். உத்தரவை அந்தப் பெண்கள் எழுத்துக்கு எழுத்து மதித்தார்கள். விளையாட்டை மைதானத்திலிருந்து மாடிப்படிக்கு மாற்றிக்கொண்டார்கள். அண்ணி மறுபடியும் போனார். இந்த முறை டீச்சருக்கே சங்கடமாகிவிட்டது. "படிக்கட்டுப் பக்கத்துலதான் ஆசிரியர் அறை. நான் இடைவேளை பூரா அங்கதான் இருப்பேன். ஆரம்பிச்சதும் அவள நேரா எங்கிட்ட வரச் சொல்லுங்க" என்றார். நல்ல மனுஷிதான், சொன்னபடி இருக்கவும் செய்தார். ஆனால் வாண்டு போகவில்லை.

அண்ணி அவளை மடியில் இருத்திக்கொண்டு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"இதோ பாரு, அது அம்மாவுக்கு வேலை. கேக்கறதுக்கு எனக்குச் சம்பளம் தராங்க. உனக்கு யாரு தரா?"

வாண்டு கொஞ்சம் யோசித்தாள். "அப்போ சம்பளம் கொடுத்தா யாரு வேணா திட்டலாமாம்மா?"

ஒரு நாளில் எத்தனையோ பேருக்குப் பதில் சொல்கிற அண்ணி, அவள் தலைமுடியைக் கோதிவிட்டு வேறு வழியில் வந்தார்.

"நீ போனை வெச்சிடலாம்டா. தப்பே இல்ல."

"நீ மட்டும் வைக்கறதே இல்ல" என்றாள் அவள். குத்திக்காட்டவில்லை. அம்மாவைப் பற்றி இன்னமும் அவளுக்குப் பெருமைதான். அதுதான் அண்ணியைத் தூங்க விடவில்லை. பிள்ளைக்கு அசட்டுத்தனமும் இல்லை, பயமும் இல்லை. அம்மாவைப் போல நடந்துகொள்கிறாள், அவ்வளவுதான். இப்படியே விட்டால் பெரியவளாகியும், எவன் எதைச் சொன்னாலும் அவன் முடிக்கும் வரை நின்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்று என்னிடம் சொல்லி அழுதார். அண்ணி அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த மாதக் கடைசியில் ஒருநாள், தண்ணீர் வரவில்லை என்று பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். அண்ணனுக்கு அச்சகத்தில் அவசர வேலை. எனக்கு அண்ணியின் கட்டடத்திலேயே லிஃப்ட் சர்வீஸ். வாண்டைக் கூட்டிக்கொண்டு போய் அண்ணி பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தேன். 'கண்ணாடி' தன் கூண்டுக்குள்ளிருந்து பார்த்தார். ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டார். வாண்டு ஒரு தாளை எடுத்து அம்மாவுக்காகக் குழாய் வரைந்துகொண்டிருந்தாள்.

சர்வீஸ் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நான் மேலே போனபோது 'பதினோரு மணி' லைனில் இருந்தார். தினமும் அந்த நேரத்துக்குத் தவறாமல் கூப்பிடும் ஒருவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் அது. அவர் வீட்டில் தண்ணீருக்குக் குறையில்லை. தண்ணீர் வரும்போது குழாய் ஒரு சத்தம் போடுகிறது என்பதுதான் புகார். அதைச் சொல்லி முடித்த பிறகு அண்ணியின் பக்கம் திரும்புவார். அவருக்கு எப்படியும் அண்ணியின் லைன்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கிடைக்கும் வரை கூப்பிடுவார். அண்ணியின் குரல் அப்படி.

வாண்டு ஸ்டூலை விட்டு இறங்கி, ஹெட்போனின் இன்னொரு பக்கத்தில் தன் காதை வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவளைத் தள்ளிவிடவில்லை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாண்டின் முகம் மட்டும் தெரிந்தது. அவள் உதடு அசைந்தது. அம்மா சொல்வதற்கு முன்னாலேயே, சத்தமில்லாமல், "புரியுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணி அதைப் பார்த்தார். பேனாவை மேசையில் வைத்தார்.

"ஐயா, உங்க குழாய் சத்தத்தைப் பதிவு பண்ணிட்டேன். மீதி நீங்க சொல்றதெல்லாம் என்னைப் பத்தி. அதுக்கு இந்த நம்பர் இல்ல. நான் வைக்கிறேன்."

வைத்துவிட்டார். சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறது, அதில் அண்ணி விரல் பட்டு நான் பார்த்ததே இல்லை. பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. கண்ணாடி எழுந்து நின்றுவிட்டார். யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"வெச்சிட்டியா?" என்றாள் வாண்டு.

"ஆமா."

"அவரு பேசிட்டிருந்தாரே."

"பேசட்டும்."

அந்த அழைப்பு முழுவதும் பதிவாகியிருந்தது. கண்ணாடி அதைக் கூண்டுக்குள் உட்கார்ந்து இரண்டு தடவை போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அண்ணிக்கு ஒரு மெமோ கொடுத்தார். இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்று அதில் இருந்தது. கொடுக்கும்போது, "நான் கொடுத்துத்தான் ஆகணும்மா" என்றார். 'பதினோரு மணி' திருந்திவிட்டாரா என்றால் அதெல்லாம் இல்லை. மறுநாள் அதே நேரத்துக்குக் கூப்பிட்டார். பக்கத்து மேசைப் பெண் தானாகவே அந்த லைனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அண்ணி போனை வைத்த அன்று மாலையிலிருந்தே வீட்டில் ஒத்திகை. அண்ணிதான் ஏற்பாடு செய்தார். நான் அந்த மூன்று பெண்களாக நடிக்க வேண்டும், வாண்டு போனை வைத்துப் பழக வேண்டும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் என்னைத் திட்டியதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன், பொளந்து கட்டிவிடலாம் என்று இறங்கினேன். காதில் கையை வைத்து, குரலை உயர்த்தி, "ஏய், உன் மூக்கு இருக்கே..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவள் மூக்கு எங்கள் அம்மாவின் மூக்கு.

வாண்டு பொறுமையாகத் திருத்தினாள். "அப்படி இல்ல சித்தப்பா. கத்த மாட்டாங்க. மெதுவா சொல்லுவாங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க."

நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமான வேலை எதையும் செய்ததில்லை. அவள் காதிலிருந்து கையை எடுக்கவில்லை. மறுபடி சொன்னேன். கை இறங்கி, பாதியில் நின்று, திரும்பக் காதுக்கே போயிற்று. "உடனே வரலம்மா" என்றாள். "எனக்கும் உடனே வரலடா" என்றார் அண்ணி. "எத்தனையோ வருஷம் ஆச்சு." அடுத்த தடவை கை இறங்கியது. வைத்ததும் நேரே டீச்சரிடம் போக வேண்டும் என்பதையும் பழக்கினோம். சமையலறையில் அண்ணிதான் டீச்சர். கூடத்திலிருந்து சமையலறைக்கு வாண்டு நடந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த நாள் அவள் எதுவும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. காலையில் வயிறு வலித்தது. அண்ணி கேட்கவில்லை, நச்சரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். டப்பாவில் பிஸ்கட் கட்டுவதை மட்டும் ஒரு ஆளுக்கானதாகக் குறைத்திருந்தார்.

பிறகு ஒரு சாயங்காலம் அவள் பையைக்கூட இறக்காமல் வந்து மேசை முன்னால் நின்றாள். நாங்கள் மூன்று பேரும் இருந்தோம்.

"வெச்சிட்டேன்" என்றாள்.

அண்ணியின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "யாரு பேசிட்டிருந்தா?"

"மூணு பேரும். பை நாத்தம் சொல்லிட்டு வாத்து சொல்ல ஆரம்பிச்சாங்க. நான் வைக்கிறேன்னு சொல்லிட்டுக் கைய எடுத்துட்டேன். டீச்சர்கிட்ட போயிட்டேன்."

"அவங்க?"

"காதுல கைய வெச்சுக்கிட்டு அங்கேயே நின்னாங்க. ஹலோ, ஹலோன்னாங்க."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"நான்தான் லைன்லயே இல்லையேம்மா."

அண்ணி அவளைப் பையோடு சேர்த்து இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். அண்ணனுக்கு எதுவும் சரியாகக் காதில் விழவில்லை. ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துவிட்டு, "என்ன, யாரு எதை வெச்சாங்க?" என்றார். எப்போதும் அவருக்கு நாங்கள்தான் கத்திச் சொல்வோம். வாண்டுக்கு அந்த அளவுக்குக் குரல் எழும்பாது.

அவள் அம்மாவின் கையிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினாள்.

"நான்தான்பா. போனை வெச்சேன்."

அண்ணனுக்கு ஒரே தடவையில் கேட்டுவிட்டது.